மரை அளவியும் அதனை ஆளும் முறையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கைத்தொழிலைப் பற்றி ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இன்று பேசவேண்டுமென்று நமது காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். கைத்தொழிலோ பெருங்கடல். அதனை ஒரு மாலைப் பொழுதிற் கடக்க முற்படுதல் ஆகாத காரியம். ஆதலின் அதிலிருந்து ஒரு சிறு துளியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அஃது யாதெனில், ஒரு போல்ட்டின் மரை இன்ன அளவினதென்று நமக்கு அறிவிக்கும் மரை அளவியேயாகும். பட்டறைகளில் இதனைத் ‘திரெட் கேஜ்’ என்று வழங்குவர். சட்டைப்பையில் அடங்கும் கருவி, விலையும் அதிகமன்று. ஆயினும் அதை வாங்கி வைத்திருப்போர் சிலர். வைத்திருந்தும் உபயோகியாதார் பலர். உபயோகித்தும் அதன் எல்லையை அறியாதார் இன்னும் பலர்.

“நட்டும் போல்ட்டும் ஒரு பெரிய விஷயமா? கண்ணால் பார்த்தால் தெரியாதா? கையால் சுழற்றினால் ஏறாதா?” என்று சிலர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம். கண் பார்த்துச் சொல்வது ஊகம். அளந்து சொல்வதே அறிவு. இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் சில வேளைகளில் மயிரிழையே. ஆனால் அம்மயிரிழையில் உயிர்கள் தொங்குவதுண்டு. இஃது அலங்கார வார்த்தையன்று என்பதை நடந்த ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறேன்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10ஆம் தேதி காலை, இங்கிலாந்திலுள்ள பர்மிங்ஹாம் நகரிலிருந்து ஸ்பெயின் தேசத்து மலாகா நகருக்கு ஓர் ஆகாய விமானம் புறப்பட்டது. அதில் பயணிகளும் பணியாளருமாக 87 பேர் இருந்தனர். ஏறக்குறைய 17,300 அடி உயரத்தை எட்டியபோது, விமானத் தலைவருக்கு முன்னிருந்த கண்ணாடிப் பலகை முழுவதும் பிய்ந்து வெளியே பறந்துவிட்டது. உள்ளிருந்த காற்றின் அழுத்தம் அவரது உடம்பிற் பாதியை அவ்வழியே வெளியே இழுத்துவிட்டது. உடனிருந்த பணியாளர்கள் அவர் கால்களை விடாது பற்றிக்கொண்டிருக்க, துணை விமானி விமானத்தைச் சவுத்தாம்ப்டனில் பத்திரமாக இறக்கினார். தலைவரும் உயிர் பிழைத்தார், ஒருவரும் மாண்டிலர்.

காரணம் என்னவென்று அரசாங்கத்தார் ஆராய்ந்தனர். விமானம் புறப்படுவதற்கு ஏறக்குறைய 27 மணி நேரத்திற்கு முன்னர் அக்கண்ணாடி புதிதாக மாற்றப்பட்டிருந்தது. அதனைப் பிடித்திருந்த போல்ட்டுகள் 90. அவற்றுள் 84 போல்ட்டுகள் வேண்டிய விட்டத்தைவிட ஓர் அங்குலத்தில் 0.026 பங்கு குறைந்தவை. அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. மற்ற ஆறும் தடிப்பிற் சரியாயினும் நீளத்திற் குறைந்தவை. பண்டசாலையில் போல்ட்டுகளை எடுத்தவர், கழற்றிய பழைய போல்ட்டோடு கண்ணாலும் கையாலும் ஒப்பிட்டுப் பார்த்தே எடுத்திருந்தார். பாகங்களின் அட்டவணையைப் பார்க்கவில்லை.

இதில் நாம் உற்று நோக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. வேண்டிய போல்ட்டுக்கும், மாறிப்போன போல்ட்டுக்கும் அங்குலத்துக்கு 32 மரைகளே. மரையின் நெருக்கம் இரண்டிலும் ஒன்று. தடிப்பு மட்டுமே வேறு. ஆகவே, மரை அளவியை மட்டும் வைத்துப் பார்த்திருந்தாலும் அது “சரி” என்றே சொல்லியிருக்கும்! வெர்னியர் ஒன்றை உடன் வைத்துத் தடிப்பையும் அளந்திருந்தால் அக்கணமே குற்றம் வெளிப்பட்டிருக்கும். ஆகலின், மரையை அறிதல் என்பது ஒரே அளவால் முடிவதன்று என்பதை முதற்கண் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மரைக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. முதலாவது புறவிட்டம், போல்ட்டின் மரை முகடுகளுக்கு மேல் வைத்து அளக்கும் தடிப்பு. இரண்டாவது மரையிடை, ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடுவரை உள்ள தூரம். இதனைப் ‘பிட்ச்’ என்பர். மெட்ரிக் முறையில் இதனை மில்லிமீட்டரால் கூறுவர். அங்குல முறையில் ஓர் அங்குல நீளத்துக்கு இத்தனை மரை என்று எண்ணிக் கூறுவர். மூன்றாவது மரைக்கோணம், இரு முகடுகளுக்கு இடையேயுள்ள பள்ளம் எத்தனை பாகை விரிந்திருக்கிறது என்பது. இம்மூன்றும் பொருந்தினாலன்றி நட்டும் போல்ட்டும் உண்மையிற் பொருந்தியவை ஆகா. இவற்றோடு, மரை வலப்பக்கம் சுழல்வதா இடப்பக்கம் சுழல்வதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

இத்தனை வேறுபாடுகள் எப்படி உண்டாயின என்று கேட்கலாம். ஆதியில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கு வேண்டிய மரையைத் தானே வகுத்துக்கொண்டது. ஒரு பட்டறையின் போல்ட்டுக்கு மற்றொரு பட்டறையின் நட்டு ஏறாது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்னும் யந்திர நிபுணர் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி, அவற்றின் அளவுகளைச் சராசரி பார்த்து, எல்லார்க்கும் பொதுவாக ஒரு முறையை வகுத்து 1841ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் மரைக்கோணம் 55 பாகை. முகடும் பள்ளமும் உருண்டு இருக்கும். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் என்பார் 1864ஆம் ஆண்டில் வேறொரு முறையை வகுத்தார். அதன் கோணம் 60 பாகை, முகடு தட்டையாயிருக்கும். ஐரோப்பிய நாட்டினர் 1898ஆம் ஆண்டில் ஜூரிச் நகரிற் கூடி மில்லிமீட்டரை அடிப்படையாகக் கொண்ட மரையை ஏற்றனர். அதற்கும் 60 பாகையே.

மரைகள் பொருந்தாமையால் நேர்ந்த கேட்டிற்கு அமெரிக்காவில் பால்டிமோர் நகரம் எரிந்தது சான்றாகும். 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி அங்கே பெருந்தீ மூண்டது. அயல் நகரங்களிலிருந்து தீயணைப்போர் ஓடிவந்தனர். ஆனால் அவர்களிற் பலர் கொணர்ந்த குழாய்களின் மரை பால்டிமோர் நகரத்துத் தண்ணீர்க் குழாய்களின் மரையோடு பொருந்தவில்லை. நீர் இருந்தது, ஆள் இருந்தனர், கருவியும் இருந்தது, மரை ஒன்றே இல்லை! 1,500க்கு மேற்பட்ட கட்டிடங்கள் சாம்பலாயின. அதன் பின்னரே தீயணைப்புக் குழாய்களுக்கு நாடு முழுவதுக்கும் ஒரே மரை என்ற விதி அங்கே வகுக்கப்பட்டது.

இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் ஒரே பக்கம் நின்று போர் புரிந்தபோது, ஒருவர் செய்த நட்டு மற்றவர் செய்த போல்ட்டுக்கு உதவாமற் போயிற்று. அதனாற் பட்ட தொல்லையின் பயனாக, 1948ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று தேசத்தாரும் 60 பாகையுள்ள பொது அங்குல மரை ஒன்றுக்கு உடன்பட்டுக் கையெழுத்திட்டனர். நமது தேசத்தில் 1956ஆம் ஆண்டில் மெட்ரிக் அளவுமுறைக்குச் சட்டம் பிறந்தது. மெட்ரிக் மரைகளுக்கு ஐ.எஸ். 4218 என்னும் இந்தியத் தர விதியும் வகுக்கப்பட்டது.

நிற்க. சட்டம் மாறினும் இரும்பு உடனே மாறுவதில்லை. இன்றும் நம் கடைத்தெருக்களில் “மூன்று நூல் போல்ட், நான்கு நூல் போல்ட்” என்று கேட்டு வாங்குகிறோமல்லவா? ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எட்டு நூல் கொண்டது ஓர் அங்குலம். அந்நூற் கணக்கில் விற்பன பெரும்பாலும் விட்வொர்த் மரைகளே. அதே கடையில் அடுத்த பெட்டியில் ‘எம் 8’, ‘எம் 10’ என்று மெட்ரிக் போல்ட்டுகளும் இருக்கும். பழைய சீமை யந்திரத்தில் விட்வொர்த். அமெரிக்க யந்திரத்தில் 60 பாகை அங்குல மரை. புதிய மோட்டாரில் மெட்ரிக். இவை மூன்றும் ஒரே பட்டறைத் தகர டப்பாவிற் கலந்து கிடக்கும். ஆகவேதான் வேறு எந்நாட்டாரையும்விட நமக்கு மரை அளவி அதிகம் வேண்டும் என்கிறேன்.

எவை எவற்றோடு மயங்கும் என்பதைச் சில உதாரணங்களாற் காட்டுகிறேன். எம் 8 போல்ட்டின் புறவிட்டம் 8 மில்லிமீட்டர். இரண்டரை நூல், அதாவது பதினாறில் ஐந்து அங்குலப் போல்ட்டின் புறவிட்டம் 7.94 மில்லிமீட்டர். இவ்விரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்தால் எத்தகைய கூர்ந்த கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் முதலதன் மரையிடை 1.25 மில்லிமீட்டர், இரண்டாவதில் அங்குலத்துக்கு 18 மரை, அதாவது மரையிடை 1.41 மில்லிமீட்டர். ஒன்றன் நட்டை மற்றொன்றில் ஏற்றினால் இரண்டு மூன்று சுற்று கைக்கு எளிதாய் ஏறும், பிறகு இறுகும். இறுகியதும் வேலையாள் என்ன செய்கிறான்? “துருவாயிருக்கும்” என்று எண்ணி ஸ்பானரைப் போட்டு முறுக்குகிறான். மரை நசுங்கி வழி விடுகிறது. நட்டும் உட்கார்ந்துவிடுகிறது, பார்வைக்கு வேலையும் முடிந்துவிடுகிறது. ஆனால் அதனுள்ளே மரை என்று ஒன்று இல்லை. நசுங்கிய இரும்புத் துகளே இருக்கிறது. சுமை வந்த அன்றுதான் அது தெரியவரும்.

அரை அங்குல விட்வொர்த் போல்ட்டுக்கு அங்குலத்தில் 12 மரை. அரை அங்குல அமெரிக்கப் பொது மரைக்கு 13. தடிப்பு ஒன்றே, எண்ணிக்கையில் ஒன்று கூடுதல். இது மயங்குவதற்கு மிக எளிது. மூன்று நூல் போல்ட்டில் நிலைமை வேறு. விட்வொர்த்துக்கும் 16 மரை. அமெரிக்கப் பொது மரைக்கும் 16 மரை. தடிப்பும் ஒன்று, மரையிடையும் ஒன்று. கோணம் மாத்திரம் 55, 60 என்று வேறுபடும். இவை பெரும்பாலும் ஏறிவிடும். ஆயினும் மரையின் சரிவு முழுவதும் படிந்து உட்காராது. ஓரத்திலே மட்டும் தாங்கும். பொறுப்பில்லாத இடத்தில் இது பொழுதுபோக்கும்; அதிர்ச்சியும் சுமையும் உள்ள இடத்தில் ஆகாது.

இன்னும் வியப்பானது ஒன்று. பழைய மின்சாரக் கருவிகளில் பி.ஏ. என்னும் மரை உண்டு. அதில் பூஜ்ய எண்ணுள்ள ஆணிக்கு விட்டம் 6 மில்லிமீட்டர். மரையிடை 1 மில்லிமீட்டர். நமது எம் 6 ஆணிக்கும் அதுவே. ஆனால் பி.ஏ. மரையின் கோணம் 47½ பாகை! இரண்டு இலக்கணம் ஒத்து மூன்றாவது மாறுபடுவதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டுமோ?

இனி, அளவியைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுவேன். சாதாரண மரை அளவி என்பது பல எஃகு இதழ்களை ஒரு கூட்டிற் கோத்த கட்டு. ஒவ்வோர் இதழின் விளிம்பிலும் சீப்பின் பற்களைப்போல ஓர் அளவு மரை வெட்டப்பட்டு, அவ்வளவு அதன்மேற் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்கும்போது முதலிற் பார்க்கவேண்டியது கூட்டின்மேற் பொறித்த பாகை. பல கட்டுகளில் ஒரு பக்கம் மெட்ரிக் இதழ்கள் 60 பாகையிலும், மறுபக்கம் அங்குல இதழ்கள் விட்வொர்த்துக்குரிய 55 பாகையிலும் இருக்கும். இது நம் பட்டறைகளில் பெரும்பான்மை வேலைக்குப் போதும். அமெரிக்க யந்திரங்களைப் பழுது பார்ப்போர் மட்டும் 60 பாகையுள்ள அங்குலக் கட்டு ஒன்றைத் தனியே வாங்குதல் வேண்டும். பாகை பொறிக்காத கட்டை வாங்கவே வேண்டாம். தன்னை இன்னதென்று சொல்லாத கருவி பிறிதொன்றை இன்னதென்று எங்ஙனம் சொல்லும்?

அடுத்து, நும்முடைய வேலையில் வரும் மரையிடைகள் யாவும் அக்கட்டில் உளவா என்று பாருங்கள். எம் 6 முதல் எம் 16 வரை வேலை செய்வோருக்கு 1, 1.25, 1.5, 1.75, 2 ஆகிய ஐந்து இதழ்களும் கட்டாயம் வேண்டும். எழுத்து ஆழமாகப் பொறித்திருத்தல் வேண்டும். எண்ணெய்க் கையால் நாலு நாள் புழங்கினால் அழியும் எழுத்து உதவாது. இதழின் நுனி ஒடுங்கி இருத்தல் நன்று; அப்போதுதான் நட்டின் உட்புறத்தே நுழைத்துப் பார்க்கக்கூடும். இதழ் ஆடாதபடி இறுக்கும் திருகு இருத்தல் வேண்டும். பற்கள் கூர்மையாய், பிசிறில்லாமல் இருத்தல் வேண்டும். புதிதாய் வாங்கியவுடன் அளவு தெரிந்த நல்ல போல்ட் ஒன்றில் வைத்துப் பார்த்துக்கொள்வது விவேகம்.

உபயோகிக்கும் முறை பின்வருமாறு. முதலில் மரையை மண்ணெண்ணெயாலும் கம்பிப் பிரஷ்ஷாலும் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். அழுக்கின்மேல் வைத்த அளவி அழுக்கையே அளக்கும். இரண்டாவதாக, வெர்னியரால் புறவிட்டத்தை அளவுங்கள். தேய்மானமில்லாத இடமாகப் பார்த்து இரண்டு மூன்று இடத்தில் அளத்தல் நலம். போல்ட்டின் புறவிட்டம் பெயரளவைவிடச் சற்றே குறைந்திருப்பது இயல்பு. ஆகவே 7.9 என்று காட்டினால் அது எம் 8 ஆகவும் இருக்கலாம். இரண்டரை நூலாகவும் இருக்கலாம். இங்கேதான் மரை அளவி பேசவேண்டும்.

மூன்றாவதாக, ஏற்ற இதழை எடுத்து, போல்ட்டின் அச்சுக்கு இணையாக வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பற்கள் பள்ளங்களிற் படிந்து, நடுவே ஒளி கசியாதிருந்தால் அதுவே மரையிடை. ஒளி கசிந்தால் அடுத்த இதழை வையுங்கள். அழுத்தி உட்கார வைக்காதீர்கள்; இதழைச் சாய்க்காதீர்கள். சாய்த்தால் பொருந்தாத இதழும் பொருந்துவதுபோற் காட்டும்.

கூடியவரையில் நீண்ட தூரத்துக்கு வைத்துப் பாருங்கள். காரணம் சொல்லுகிறேன். எம் 10 போல்ட்டின் மரையிடை 1.5 மில்லிமீட்டர், மூன்று நூல் போல்ட்டினது 1.5875. வித்தியாசம் ஒரு மரைக்கு 0.0875 மில்லிமீட்டர். மூன்று மரை தூரத்தில் அது கால் மில்லிமீட்டரே, கண்ணுக்குத் தப்பிவிடும். பத்து மரை தூரத்திலோ 0.875 மில்லிமீட்டராகப் பெருகி, பல் பள்ளத்தில் விழாமல் முகட்டின்மேல் ஏறி நிற்கும். சிறு பிழை நீளத்தாற் பெரிதாகித் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. இதுவே அளவியின் சூக்ஷ்மம்.

அங்குல மரையை மெட்ரிக் மரையோடு ஒப்பிட, 25.4 என்ற எண்ணை அங்குலத்துக்குரிய மரைகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். 18 மரையானால் 1.411, 16 மரையானால் 1.5875; 12 மரையானால் 2.117. இச்சிறு கணக்கைப் பட்டறைச் சுவரில் எழுதி வைத்தால் பையன்கள் ஒரு மாதத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

கையில் அளவி இல்லாத வேளையில் என்ன செய்வது? அளவு தெரிந்த ஒரு போல்ட்டை எடுத்து, தெரியாத போல்ட்டின்மேல் மரையோடு மரை படிய வைத்து வெளிச்சத்திற் பாருங்கள். மரையிடை ஒன்றானால் இரண்டும் முழு நீளமும் படியும். அல்லது ஓர் அங்குல ஸ்கேலை வைத்துப் பள்ளங்களை எண்ணுங்கள். நட்டின் உள்மரையைப் பார்க்க இயலாதபோது, அதிற் கைக்கு இலேசாக இறுதிவரை ஓடும் போல்ட்டைக் கண்டுபிடித்து, அப்போல்ட்டை அளந்து கொள்ளலாம். எவ்வாறாயினும் ஒரு விதியை மறவாதீர்கள்: எந்த நட்டும் முதலில் விரல்களால் மட்டுமே ஏற்றப்படுதல் வேண்டும். விரலுக்கு ஓடாத நட்டை ஸ்பானருக்குக் கொடாதீர்கள். விரல் நின்ற இடத்தில் நாம் நின்று காரணம் தேடவேண்டும்.

இதழ் அளவி சொல்லாதவை சில உண்டு. அது விட்டத்தைச் சொல்லாது. விமானத்தின் கதையில் அதைக் கண்டோம். வலமரை இடமரை என்பதையும் சொல்லாது. பற்றவைக்கும் பட்டறையில் ஆக்சிஜன் வாயுவின் இணைப்பு வலமரை. அசிட்டிலின் வாயுவின் இணைப்பு இடமரை, அதன் நட்டின் முனைகளில் வெட்டும் இருக்கும். ஒன்றை ஒன்றோடு மாற்றிவிடாதபடி வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. மிதிவண்டியின் இடப்பக்கத்து மிதிகட்டையும் இடமரையுடையதே. போல்ட்டின் வலிமையையும் அளவி சொல்லாது. அதற்குத் தலையின்மேற் பொறித்த எண்ணைப் பார்க்கவேண்டும். 8.8 என்றிருந்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசையைத் தாங்கவல்ல எஃகு என்பதும், அதில் பத்தில் எட்டுப் பங்கு வரையில் நிரந்தரமாய் நீளாது என்பதும் பொருள்.

போல்ட்டும் நட்டும் உற்பத்தி செய்வோருக்கு இதழ் அளவி மட்டும் போதாது. அவர்களுக்கு வேறொரு வகை அளவி வேண்டும். போல்ட்டைச் சோதிக்க வளைய அளவி. நட்டைச் சோதிக்க ஆணி அளவி. ஒவ்வொன்றிலும் ‘கோ’, ‘நோ-கோ’ என இரண்டு உண்டு. அதாவது செல்லுவது ஒன்று, செல்லாதது ஒன்று. ‘கோ’ அளவி கைப்பலத்தால் மரையின் முழு நீளமும் தடையின்றி ஓடவேண்டும். ‘நோ-கோ’ அளவி இரண்டு சுற்றுக்கு மேல் ஏறலாகாது. முதலது ஓடினால் போல்ட் அதிகம் தடிக்கவில்லை என்று பொருள்; இரண்டாவது நின்றால் அதிகம் மெலியவில்லை என்று பொருள். ‘கோ’ ஓடியது போதுமென்று ‘நோ-கோ’வை விட்டுவிடுவோர் உளர். நூலைப்போல் மெலிந்த போல்ட்டும் ‘கோ’ வளையத்தில் ஓடுமே! ஆகையால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை விடுதல் பரீட்சையாகாது.

அளவி வாங்கும்போது விட்டமும் மரையிடையும் மட்டுமன்றி, இடைவெளியின் வகுப்பையும் சொல்லி வாங்குதல் வேண்டும். மெட்ரிக் முறையில் சாதாரண வேலைக்குப் போல்ட்டுக்கு 6 ஜி என்றும், நட்டுக்கு 6 எச் என்றும் வழங்குவர். கடைசல் யந்திரத்திலிருந்து எடுத்த சூட்டோடு போல்ட்டை அளக்கலாகாது. அளவியும் பொருளும் ஒரே வெப்பத்துக்கு வந்தபின் அளக்கவேண்டும். மின்முலாமோ துத்தநாகமோ பூசவேண்டிய போல்ட்டானால் பூச்சின் கனத்துக்கு இடம் விட்டே மரை வெட்டவேண்டும். 60 பாகை மரையிற் பூச்சு ஒரு பங்கு கனமானால் மரையின் நடுவிட்டம் நான்கு பங்கு பெருகும். பூசுமுன் தேறிய சரக்கு பூசியபின் திரும்பி வருவதற்கு இதுவே காரணம். அளவியை ஒருபோதும் ஸ்பானர் கொண்டு திருகாதீர்கள்; பிசிறு தட்டவும் மரை வெட்டவும் அதை உபயோகியாதீர்கள். வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் தடவி, அதன் பெட்டியில் வைத்துவிடுங்கள். தேய்ந்த அளவி பொய்ச்சாட்சி சொல்லும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக் குழாயை மாற்றும்போது “அரை அங்குலம்” என்று கேட்டு வாங்குகிறீர்கள். அவ்வரை அங்குலம் குழாயின் உள்வழியை ஒட்டி வந்த பெயர். மரையின் மேல் அளந்தால் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் இருக்கும். ஆகவே ஸ்கேலால் அளந்து, “முக்கால் அங்குலத்துக்கு மேல் இருக்கிறதே” என்று மயங்கவேண்டா. பழைய குழாயைக் கையோடு எடுத்துச் சென்று கடையிலேயே விரலால் ஏற்றிப் பார்த்து வாங்குங்கள். பொருந்தாத மரைக்கு வெள்ளை நாடா எத்தனை சுற்றினாலும் மருந்தாகாது. தையல் யந்திரத்தின் சிறு திருகாணிகள் பலவும் தமக்கென்று தனி அளவுடையன. கைக்கு அகப்பட்ட திருகாணியை அங்கே நுழைத்து முறுக்கினால், ஒரு சிறு ஆணிக்காக யந்திரத்தின் உடலே பழுதாகும்.

பெரியோர்களே! நம் குடும்பங்களிற் பட்டறை வைத்திருப்போரும், பட்டறைக்கு வேலைக்குச் செல்லும் இளைஞரும் பலர் உளர். ஒருவர் பூட்டிய யந்திரத்தின் கீழ் மற்றொருவர் நிற்கிறார். ஒருவர் முறுக்கிய சக்கரத்தின்மேல் மற்றொருவரின் பிள்ளை பள்ளிக்கூடம் செல்கிறான். வேலையை வாங்குவோருக்கு நட்டின் உள்ளே பார்க்கும் கண் இல்லை; அவர்கள் நம்முடைய சொல்லையே நம்புகிறார்கள். அந்நம்பிக்கைக்கு ஈடாக நாம் கொடுக்கக்கூடியது, அளந்து பார்த்தோம் என்ற உறுதி ஒன்றே.

ஆகையால் சபையோருக்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். இதழ் அளவிக் கட்டு ஒன்று ஒவ்வொரு பட்டறையிலும் இருத்தல் வேண்டும். அஃது எவர்க்கும் இயலுவதே. வளைய அளவிகளும் ஆணி அளவிகளுமோ அளவுக்கு ஒன்றாகப் பல வாங்கவேண்டியிருத்தலின், சிறு பட்டறைக்காரர்க்குத் தனித்தனியே வாங்குதல் அரிது. எனவே எம் 6 முதல் எம் 16 வரை வழக்கத்திலுள்ள அளவுகளுக்கு ஒரு தொகுதியை வாங்கி நமது சங்கக் கட்டிடத்தில் வைத்து, வேண்டுவோர் கையெழுத்திட்டு எடுத்துச் சென்று திருப்பித் தருமாறு ஓர் ஏற்பாடு செய்யலாமென்று நினைக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை அவற்றைத் தகுந்த பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிச் சரிபார்த்து வருதலும் வேண்டும். இதைப் பற்றி அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் ஆலோசிக்குமாறு அக்கிராசனர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பட்டறைப் பையன்கள் விரும்பினால், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் இவ்வளவிகளை ஆளும் முறையை நேரிற் காட்டித்தர நான் சித்தமாயிருக்கிறேன்.